நேர்முகத்துக்குப் போக முடியாமல் போனால்

காலை மணி எட்டரை. ஒரு தொழிற்சாலையின் முன்கூடத்தில் நீண்ட பலகை போட்டிருக்கிறது. தேய்த்த சட்டையும் கையில் சான்றிதழ்க் கோப்புமாகப் பத்துப் பதினைந்து இளைஞர்கள் அதில் அமர்ந்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து ஓர் எழுத்தர் வந்து பெயர்களைப் படிக்கிறார். ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. மறுபடியும் படிக்கிறார். சற்றுப் பொறுத்து மூன்றாம் முறையும் படிக்கிறார். பிறகு தாளில் ஒரு குறியைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்.

அந்தக் குறியைப் போடும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். தோட்டத்து லயத்தில் பிறந்து, வடக்கே ஒரு தொழிற்சாலையில் ஆள்சேர்ப்புப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். வராமல் போனவரின் பெயர் அந்த மேசைக்கு அப்பால் என்ன ஆகிறது என்பதைத் தோட்டத்துப் பெற்றோர்களும் பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது என்று எண்ணியே இன்று இதைப் பேச வந்தேன்.

1972-ஆம் ஆண்டில் பினாங்கு, பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பிறை, சுங்கை பட்டாணி என்று சுற்றுவட்டாரத்திலும் தொழிற்பேட்டைகள் பெருகின. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போகும் காலம் அப்படித்தான் வந்தது. பெற்றோர் தோட்டத்து வேலைக்குச் சேர்ந்தபோது பெரும்பாலும் நேர்முகம் என்று ஒன்று இருக்கவில்லை. கிராணியாரிடம் பெயர் கொடுத்தால் போதும், மறுநாள் பெரட்டுக்குப் போய் நிற்கலாம். ஆகையால் நேர்முகத்தின் நடைமுறைகளை வீட்டில் சொல்லிக்கொடுக்கப் பலருக்கு ஆளில்லை.

ஆள் எடுப்பவர் ஏன் வராதவரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறார்? இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்தாருக்கு அதிக விளக்கம் தேவையில்லை. பால்வெட்டுக்கு ஒருவர் வராவிட்டால் அவருடைய நிரையில் உள்ள மரங்கள் அன்று வெட்டாமல் கிடக்கும். மண்டோர் விடியற்காலையில் மாற்றாள் தேடி அலைவார். தொழிற்சாலையிலும் அதே கதைதான். வரிசையாக நிற்கும் இயந்திரங்களில் ஓர் இடம் காலியானால் அதற்கு முன்னால் உள்ள வேலை தேங்கும், பின்னால் உள்ளவர் சும்மா நிற்பார். ஆகவே நேர்முகத்துக்கு வராதவரைப் பார்த்தவுடன் அதிகாரி மனத்தில் எழும் கேள்வி, "இவர் நாளைக்கு இரவு ஷிப்டுக்கு வருவாரா?" என்பதுதான். இந்தக் கேள்வி நியாயமா என்றால், பாதி நியாயம் என்பேன். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

வராதவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை. முதல் நாளே கூப்பிட்டு, "நாளைக்கு வர இயலாது, இதுதான் காரணம், வேறு நாள் கிடைக்குமா?" என்று கேட்பவருக்குப் பெரும்பாலான இடங்களில் மறு தேதி கிடைக்கும். அவர் பெயருக்கு எதிரே தீய குறி எதுவும் விழாது. சில அதிகாரிகள் அதை நல்ல குணமாகவே எடுத்துக்கொள்வார்கள், "இவருக்கு நாளைக்கு உடம்பு சரியில்லை என்றால் முன்கூட்டியே சொல்வார்" என்று. அன்று காலையிலேயே கூப்பிடுபவருக்கும் வழி உண்டு. நேர்முகம் முடிந்த பிறகு, மாலையிலோ மறுநாளோ கூப்பிடுபவரின் நிலை காலியிடங்களைப் பொறுத்தது. பத்து இடத்தில் எட்டுத்தான் நிரம்பியிருந்தால், "சரி, வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்பார்கள். பத்தும் நிரம்பியிருந்தால் அவர்களே நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்றுமே சொல்லாதவரின் கோப்புத்தான் அங்கேயே மூடப்படுகிறது. கோபத்தால் அல்ல. கோபப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை. அடுத்த பெயர் காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் முறையும் தேதி மாற்றக் கேட்பவர் விஷயம் சற்றுச் சிக்கலானது. இவருக்கு வேலை உண்மையிலேயே வேண்டுமா, அல்லது வேறோர் இடத்தின் பதிலுக்காக நம்மை நிறுத்தி வைத்திருக்கிறாரா என்று அதிகாரி ஐயுறத் தொடங்குவார். எங்கள் அலுவலகத்தில் இரண்டு முறைக்கு மேல் மாற்றிக் கொடுத்ததில்லை. காரணங்களும் நினைவில் நிற்கும் என்பதை மறந்துவிடலாகாது. ஒரே இளைஞருக்கு மூன்று மாதத்தில் இரண்டு முறை பாட்டி இறந்தார். எல்லாருக்கும் இரண்டு பாட்டிமார் உண்டல்லவா என்று எங்கள் அதிகாரி பெருந்தன்மையாக விட்டுவிட்டார். மூன்றாம் முறை அந்த இளைஞர் கூப்பிடவில்லை.

ஆள்கள் சொல்லாமல் நின்றுவிடுவதால் இன்னொரு விளைவும் உண்டு. பத்துப் பேர் தேவைப்படும்போது, எப்படியும் சிலர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு இருபது, இருபத்தைந்து பேரைக் கூப்பிடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் காலையில் வந்தவர் மாலை வரை பலகையில் காத்திருக்க நேரும். "எட்டரைக்கு வரச் சொல்லிவிட்டு மூன்று மணிக்குத்தானே கூப்பிட்டார்கள்!" என்று நம் பிள்ளைகள் நொந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு வேலை கிடைத்துவிட்டது, இந்த நேர்முகம் வேண்டியதில்லை என்றாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்காக யாரும் வருந்துவதில்லை, நன்றி என்றே சொல்வார்கள். காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்தவரை அந்த இடத்துக்கு அழைக்கலாம். அவர் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

என் மனத்தை விட்டு நீங்காத ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1990-களின் பிற்பகுதி. எங்கள் அலுவலகத்தில் அப்போது பெயர் அட்டைகள்தான், கணினி வரவில்லை. ஓர் இளைஞன் விண்ணப்பத்தோடு வந்தான். அட்டைப் பெட்டியைப் புரட்டியபோது அவன் பெயரில் பழைய அட்டை ஒன்று அகப்பட்டது. நான்கு மாதத்துக்கு முன் நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறோம். "வரவில்லை" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அதிகாரி அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஏன் வரவில்லை என்று மலாயில் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு சொல்லும் வரவில்லை. அதிகாரி சற்று நேரம் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் வெளியே வந்து அவனைப் பிடித்தேன். "ஏன் தம்பி, அன்னைக்கு என்னதான் ஆச்சு?" என்று தமிழில் கேட்டேன்.

"அம்மா உரம் போடும்போது வடிகால்ல விழுந்துட்டாங்க, அண்ணே. காலு ஒடிஞ்சு போச்சு. காலைலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம்."

"ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"கடைல இருக்கற பொதுப் போன் கெட்டுப் போயிருந்திச்சு. ஆபீசு போன்லதான் பேசணும். கிராணியார்கிட்ட போய் எப்படிக் கேக்கறதுன்னு…" என்று நிறுத்தினான். பிறகு, "சொன்னாலும் கேப்பாங்களான்னு தெரியலண்ணே" என்றான்.

நான் உள்ளே போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதரல்லர். "இதை அன்றே சொல்லியிருந்தால் அடுத்த வாரமே அழைத்திருப்பேனே" என்றார். ஆனால் இடங்கள் நிரம்பிவிட்டன. அந்த அட்டையில் "வரவில்லை" என்பதற்குக் கீழே "தாயார் மருத்துவமனையில்" என்று நான்கு மாதம் பிந்தி எழுதினேன். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை.

பாதி நியாயம் என்று சொன்னது இதனால்தான். அட்டையில் "வரவில்லை" என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. சோம்பலும் ஒடிந்த காலும் அதில் ஒன்றாகிவிட்டன. ஏன் வரவில்லை என்று ஒரு வரி கேட்டு எழுத அலுவலகமும் முயன்றிருக்கலாம். இதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி திடீரென்று விடுப்பில் போய்விட்டார் என்று, நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு. அப்போது அலுவலகத்தின் பெயருக்கு எதிரே யாரும் குறி போடவில்லை. அப்படி நேர்ந்தால் பிள்ளைகள் பேசாமல் திரும்பிவிட வேண்டியதில்லை. "நான் வந்திருந்தேன் என்று குறித்துக்கொள்ளுங்கள், மறு தேதியை இப்போதே கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்கலாம். கேட்டவர்களுக்கு நாங்கள் கொடுத்தே இருக்கிறோம்.

இப்போது அட்டைப் பெட்டி இல்லை, கணினி இருக்கிறது. பொதுப் போன் இல்லை, ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. ஆனால் இன்றைய சிக்கல் வேறு மாதிரி. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மோசடிக்காரரோ என்று அஞ்சி நம் பிள்ளைகள் எடுப்பதே இல்லை. அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. மறுமுனையில் இருப்பவரோ இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "தொடர்புகொள்ள இயலவில்லை" என்று எழுதிவிடுவார். விண்ணப்பம் போட்ட நிறுவனத்தின் எண்ணை அன்றே கைப்பேசியில் பதிந்துவைத்தால் இந்தக் குழப்பம் வராது. செம்பனைக் காட்டுக்குள் அலைவரிசை எட்டாத தோட்டங்களில் இருப்பவர்கள், நாள்தோறும் ஒருமுறையாவது வெளியே வந்து குறுஞ்செய்தி பார்க்க வேண்டும். காணொளி வழி நேர்முகம் என்றால், அலைவரிசை நன்றாக உள்ள உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே போய்விடுவது நலம்.

மோசடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தேதி மாற்றித் தருகிறேன், அதற்கு இவ்வளவு ரிங்கிட் கட்டு என்று யாராவது கேட்டால் அது வேலையே அல்ல. தேதி மாற்றுவதற்கு உண்மையான முதலாளி எவரும் பணம் வாங்குவதில்லை. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மோசடிக்கு எதிரான அந்தச் சேவை 2022-இல் தொடங்கப்பட்டது.

அரசாங்க வேலைக்கான நேர்முகம் சற்றுக் கண்டிப்பானது. தேர்வாளர் குழு பல மாவட்டங்களுக்குப் போகும் அட்டவணை முன்பே போட்டிருக்கும். ஒருவருக்காக அதை மாற்றுவது அரிது. அழைப்புக் கடிதத்தில் நிபந்தனைகள் எழுதியிருக்கும், முழுவதும் படியுங்கள். வேலை இழந்து, சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை பெறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2018-இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டத்தில், வேலை தேடி வருவதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் கூப்பிட்டுத் தேதி மாற்றக் கேட்காதீர்கள். பிள்ளை படுத்த படுக்கையாக இருந்தால் வேறு விஷயம். மற்றபடி, "தானே பேசத் தெரியாதவர்" என்ற எண்ணத்தைத்தான் அது உண்டாக்கும். வீட்டில் சாவு என்றால் எந்த இனத்து அதிகாரியும் புரிந்துகொள்வார். தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால் அவருக்குத் தெரிந்திருக்காது. என்னைக் கேட்டால், காலையில் நேர்முகத்துக்குப் போய்விட்டு மாலையில் காவடி எடுக்கலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். கணக்குப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஒரு மாதம் தள்ளிப்போனால் வீட்டுக்கு வராமல் போவது அந்தத் தொகை.

கூப்பிட்டு என்ன சொல்வது என்று தயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் முழுப் பெயர், எந்த வேலை, எந்தத் தேதி, எத்தனை மணி. பிறகு மலாயில் இப்படிச் சொன்னால் போதும்: "சாயா தா டாப்பாட் டாத்தாங், செபாப் எமாக் மாசோக் ஹோஸ்பித்தால். போலே சாயா மிந்தா தாரிக் லாயின்?" அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், வர இயலவில்லை, வேறு தேதி கேட்கலாமா என்று பொருள். காரணத்தை ஒரு வரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். கதை நீண்டால் ஐயமும் நீளும். உங்களுக்கு வரக்கூடிய இரண்டு நாட்களை நீங்களே சொல்லுங்கள். பேசிய அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதே செய்தியைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இருந்தால் பின்னர் யாரும் மறுக்க முடியாது. புதுத் தேதி கிடைத்ததும் சுவர் நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டு, அன்று காலை முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று அப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.