எழுதாமல் விட்ட ஒரு வரி

பிளக்கிலிருந்து கழற்றி வைத்த செல்போன் சார்ஜர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 'இன்புட் 100–240 வோல்ட், அவுட்புட் 5 வோல்ட்' என்பதுபோலப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். "இந்த அளவுக்குள் மின்சாரம் கொடு, போனுக்கு 5 வோல்ட் தருகிறேன்" என்று சார்ஜர் கொடுக்கும் வாக்குறுதி அது.

வாஷிங் மெஷின், லிஃப்ட், கார், ராக்கெட் எல்லாவற்றுக்குள்ளும் குட்டிக் கணினிகள் வேலை பார்க்கின்றன. இவற்றை 'எம்பெடட் சிஸ்டம்' என்பார்கள். இவற்றின் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு குழு செய்கிறது. எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒழுங்காக இயங்க வேண்டுமே! அதனால் சார்ஜரின் வாக்குறுதியைப் போலவே பாகத்துக்குப் பாகம் ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். எனக்கு என்ன வர வேண்டும், வந்தால் நான் என்ன தருவேன் என்ற இரண்டும் அதில் இருக்கும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புதிய ராக்கெட் ஏரியன் 5, 'கிளஸ்டர்' என்ற நான்கு செயற்கைக்கோள்களுடன் முதல்முறையாகக் கிளம்பியது. எஞ்சின் இயங்கத் தொடங்கிய சுமார் 37ஆவது நொடியில் சட்டென்று திசை மாறியது. உடைந்து வெடித்துச் சிதறியது.

ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்து சொல்லும் கருவி ஒன்று அதில் இருந்தது. அதன் மென்பொருள் பழைய ஏரியன் 4 ராக்கெட்டிலிருந்து வந்தது. பக்கவாட்டு வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை அது 16 பிட் இடத்தில் போட்டு வைக்கும். அந்த இடத்தில் 32,767 வரைதான் கொள்ளும். ஏரியன் 4இல் எண் அவ்வளவு பெரிதாகவில்லை. ஏரியன் 5க்கோ பக்கவாட்டு வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. எண் எல்லையைத் தாண்டியதும் கருவி பிழைச் செய்தியை அனுப்பிவிட்டு நின்றுபோனது. அவசரத்துக்கு வைத்திருந்த மாற்றுக் கருவி? அதிலும் அதே மென்பொருள்தான். அது ஒரு கணம் முன்பே நின்றுவிட்டது! பிழைச் செய்தியை ராக்கெட் பறக்கும் நிலையைக் காட்டும் அளவு என்று நினைத்த முதன்மைக் கணினி, ராக்கெட்டைத் தவறாகத் திருப்பியது.

இப்படிச் சிறிய இடத்துக்கு மாற்றப்படும் ஏழு எண்களில் நான்குக்குத்தான் பாதுகாப்பு வைத்திருந்தார்கள். மற்ற மூன்றும் எல்லையைத் தாண்டாது என்று நம்பினார்கள். ஏரியன் 4க்கு அது சரிதான். ஆனால் ஏன் தாண்டாது என்ற காரணம் நிரலில் எழுதப்படவில்லை. ஏரியன் 5 பறக்கும் பாதையின் விவரமும் அந்தக் கருவிக்கான தேவைப் பட்டியலில் இல்லை. இவற்றையெல்லாம் விசாரணைக் குழு பிறகு கண்டுபிடித்தது.

நீங்களும் ரோபோ செய்வீர்கள், நிரல் எழுதுவீர்கள். 'இந்த எண் இதற்கு மேல் போகாது' என்று தோன்றினால் மனதோடு வைத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்திலேயே எழுதுங்கள். நாளை அதை எடுத்துப் பயன்படுத்துகிறவருக்கு உங்கள் மனதில் இருப்பது தெரியாது!