எய்தவன் இருக்க… (தொடர் – 14)

சூப்பர்சார்ஜர் வைத்த எஞ்சினில் பெல்ட் படும் பாட்டைப் போன வாரம் பார்த்தோம். தேய்ந்துபோனால்? புதிது வாங்கி மாட்டிவிடலாம். கொஞ்ச நாளில் அதுவும் நார் நாராகத் தொங்கும். எய்தவன் இருக்க அம்பை நொந்து பயனில்லை.

2006 வரை வந்த மினி கூப்பர் எஸ், ஆர்53 என்று பிரியர்கள் சொல்லும் வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டில் கட்டிய கார், முதலாளி ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ, 1.6 லிட்டர் எஞ்சின் பிரேசிலில் செய்தது. சூப்பர்சார்ஜர் அமெரிக்க ஈட்டன் எம்45. இத்தனை நாடு கூடிச் செய்தும் வண்டி என்னவோ கையடக்கம்தான்! இதில் சூப்பர்சார்ஜர், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. வாட்டர் பம்ப்போ சூப்பர்சார்ஜரின் பின்புறத்திலிருந்து சுழல்கிறது. ஆகவே பெல்ட் அறுந்தால் இழுவை மட்டும் போகாது, எஞ்சினும் கொதித்துவிடும்.

கழற்றிய பெல்ட்டை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். எய்தவன் யாரென்று அதுவே காட்டிக்கொடுக்கும். இப்போதைய ஈபிடிஎம் ரப்பர் பழையதைப்போல் சீக்கிரம் விரிசல் விடாது. டயர் மாதிரி சத்தமில்லாமல் தேயும். விரிசல் இல்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பள்ளங்கள் கண்ணாடிபோல் மினுங்கினால் பெல்ட் வழுக்கியிருக்கிறது. ஊறிப்போய் மெத்தென்றிருந்தால் எங்கோ எண்ணெய் கசிகிறது.

ஒரே ஓரம் மட்டும் பிய்ந்திருந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. ஆர்53-ல் என் முதல் சந்தேகம் கிராங்க் புல்லி மேல்தான். அது ஒரே வார்ப்பு இல்லை. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே அதிர்வைத் தாங்க ரப்பர் இருக்கிறது. ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் தனியே நழுவும், பெல்ட்டையும் கூடவே இழுக்கும். இரண்டு வளையத்துக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புல்லியை மாற்றியே ஆகவேண்டும்.

கீச்சொலிக்கும் எளிய சோதனை உண்டு. ஓடும் பெல்ட்டில், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கி மறுபடி வந்தால் கோணல். கூடினால் இறுக்கம் போதவில்லை. ஐடிலில், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கை படபடவென்று துடித்தால் அதன் டாம்பர் செத்துவிட்டது.

கூடுதல் பூஸ்ட்டுக்காக 15 சதவீதம் சிறிய புல்லி போடுகிறவர்கள் அநேகம். சூப்பர்சார்ஜர் சுமார் 18 சதவீதம் வேகமாகச் சுழலும். ஆனால் பெல்ட் பற்றிக்கொள்ளும் இடம் குறையும். பழைய நீளப் பெல்ட்டையே விட்டுவைத்தால் வழுக்கத்தான் செய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பெல்ட் தேய்கிறதா? பெல்ட்டைக் கழற்றிவிட்டு சூப்பர்சார்ஜர் புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் கோளாறு உள்ளேதான். பின்புறக் கியர்களுக்கான எண்ணெய் வற்றிப்போகும் அந்த விவகாரம் அடுத்த வாரம்.