மழை வந்தா இறுகுது, வெயில் வந்தா சந்து விடுது: வீட்டிலேயே மரக்கதவு செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் போதும். தருமபுரி பக்கம் பல வீடுகளில் ஒரே புகார்தான்: "கதவு மூட மாட்டேங்குது." தோளால் இடித்து மூடுவோம். மறுநாள் ஆசாரியை வரச் சொல்லி, உரசும் ஓரத்தை இழைப்புளியால் சீவச் சொல்வோம். அப்பாடா என்று இருந்தால், பங்குனி வெயிலில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே பென்சில் நுழையும் அளவுக்குச் சந்து!

தோட்டத்து வேம்பையோ தேக்கையோ அறுத்து, வீட்டுக் கொட்டகையிலேயே கதவு செய்துகொள்வது நம் ஊர்களுக்குப் புதுசு இல்லை. இப்போது வீடியோ பார்த்து, மின்ரம்பம் வாங்கி, தாங்களே இறங்குபவர்களும் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மரத்தின் குணம் தெரியாமல் இறங்கினால், மரக்காசும் போகும், உழைப்பும் போகும். விரிவாகப் பார்க்கலாம்.

மழைக்கு ஏன் கதவு இறுகுது?

மரத்தை வெட்டினாலும், காய வைத்தாலும், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பதையும் விடுவதையும் நிறுத்தாது. ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். தருமபுரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும். கோடையிலோ காற்று வறண்டு கிடக்கும். ஆக, ஒரே கதவு வருஷத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

முக்கியமான விஷயம், மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்பாது. நீளவாக்கில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் எல்லாம். தேக்கை எடுத்துக்கொண்டால், அதன் ஈரப்பதம் 1 சதவீதம் மாறும்போது, பலகை அறுத்த விதத்தைப் பொறுத்து, அகலம் அதிகபட்சம் 0.2 சதவீதம் வரை மாறும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். வெறும் பலகைகளை ஒட்டி 900 மில்லிமீட்டர் அகலத்தில் கதவு செய்கிறீர்கள். மழைக்கும் வெயிலுக்கும் இடையே மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர் கூடும். நாம் விடுகிற இடைவெளியோ பக்கத்துக்கு 2, 3 மில்லிமீட்டர்தான். இறுகாமல் என்ன செய்யும்?

சட்டக் கதவின் ரகசியம்

நம் பழைய வீடுகளில் நாலு பக்கமும் சட்டம், நடுவில் பலகை என்று கதவு இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அது உப்புதலைச் சமாளிக்கும் வழி. இரண்டு நெட்டுச் சட்டங்கள் தலா 100 மில்லிமீட்டர் என்றால், அகலவாக்கில் உப்பப்போவது அந்த 200 மில்லிமீட்டர் மட்டுமே. குறுக்குச் சட்டம் நீளவாக்கில் கிடப்பதால் அது நகராது. மேலே சொன்ன அதே மழைக்கு இந்தக் கதவு 1.6 மில்லிமீட்டர்தான் கூடும். விட்ட இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

நடுப்பலகை? அது சட்டத்தில் எடுத்த காடிக்குள் தளர்வாக உட்கார்ந்திருக்கும். உள்ளுக்குள்ளேயே உப்பும், சுருங்கும். அதனால் பலகைக்கு மட்டும் கோந்து போடவே கூடாது. ஆணியும் அடிக்கக் கூடாது. போட்டால் ஒன்று பலகை வெடிக்கும், இல்லையென்றால் சட்டத்தின் மூட்டு பிரியும்.

எந்த மரம்? எவ்வளவு காய வேண்டும்?

தேக்கு, வேங்கை, வேம்பு, பூவரசு, வாகை எல்லாமே நம் பக்கம் பயன்படும் மரங்கள்தான். ஆனால் மரத்தின் பெயரை விட முக்கியம், அது வைரம் பாய்ந்த கட்டையா என்பது. வெளிப்பக்கம் இருக்கும் வெளுத்த பகுதியைப் பூச்சியும் கரையானும் சீக்கிரம் பிடிக்கும். தேக்கும் இதற்கு விலக்கு இல்லை. இளம் தோட்டத்துத் தேக்கில் இந்த வெளுத்த பகுதி அதிகம் இருக்கும். அதைக் கழித்துவிட்டு அளவு எடுங்கள்.

அறுத்த பலகையை நிழலில், தரையில் படாமல், இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்க வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைக்காதீர்கள், வெடிப்புதான் வரும். பலகையின் இரு முனைகளிலும் பெயிண்ட் பூசிவிட்டால் முனை பிளப்பது குறையும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு சிறு துண்டை அதே அடுக்கில் வைத்து வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால், மரம் ஊர்க்காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம். சரியான சதவீதம் வேண்டுமென்றால் ஈரமானி இருக்கிறது. இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 287 என்ற தரநிலை, கதவு, ஜன்னலுக்கான மரத்தின் ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்று ஊரின் தட்பவெப்பத்தையும் மரத்தின் தடிமனையும் வைத்துச் சொல்கிறது. சட்டக் கதவுக்கான தரநிலை ஐ.எஸ். 1003.

மரக்கடையில் ஏமாறாமல் இருக்க

மரம் கன அடிக் கணக்கில்தான் விற்பனை. அகலம், தடிமன் இரண்டையும் அங்குலத்தில் பெருக்கி 144-ஆல் வகுத்து, நீளத்தை அடியில் பெருக்கினால் கன அடி வந்துவிடும்.

உதாரணமாக, 5-க்கு 3 அங்குலக் கட்டையில் நிலை செய்ய, 7 அடியில் இரண்டு, மூன்றரை அடியில் ஒன்று தேவை. மொத்தம் 17.5 அடி. கணக்குப் போட்டால் சுமார் 1.82 கன அடி. கீழ்ப்படியும் சேர்த்தால் 2.19 கன அடி. பில்லில் இதைவிட ரொம்ப அதிகமாக இருந்தால், சேதாரம் எவ்வளவு சேர்த்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

* பருவம்: கோடையில் செய்தால் பலகை சுருங்கிய நிலையில் இருக்கும். மழைக்கு உப்ப, காடிக்குள் இரு பக்கமும் இடம் விடுங்கள். மழைக்காலத்தில் செய்தால் நேர் எதிர். கோடையில் சுருங்கும்போது பலகை காடியை விட்டு வெளியே வராத அளவுக்குக் காடி ஆழமாக இருக்க வேண்டும்.

* மூட்டு: ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் நாக்கு. கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் உள்ளே போக வேண்டும். ஓங்கி அடித்து ஏற்றினால் சட்டம் பிளக்கும். தானாக விழுந்தால் கோந்து தாங்காது.

* மூலைக்கு மூலை: கோந்து காய்வதற்கு முன் டேப்பை வைத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கதவு சதுரமாக இருக்கிறது.

* கீல்: 7 அடிக் கதவுக்கு மூன்று கீலாவது வேண்டும். சின்னத் துளை போட்டுவிட்டு திருகாணியை முடுக்குங்கள்.

பாலிஷ்: பலரும் விடும் இடம்

பலகையைச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே அதற்கு முதல் கோட்டிங் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோடையில் சுருங்கும்போது ஓரத்தில் வெளுத்த கோடு தெரியும்.

உப்புத்தாளை 80, 120, 180, 220 என்று படிப்படியாக, ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். பிறகு சீலர், அதன்மேல் வார்னிஷ் அல்லது பாலிஷ் இரண்டு, மூன்று முறை. மழை நாளில் பூசினால் சில வகைப் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும். வெயிலும் சாரலும் நேராகப் படும் வாசற்கதவுக்கு வெளிப்புறத்துக்கு என்றே வரும் பூச்சைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. உங்கள் வீட்டுக் கதவின் தலைப்பக்கமும் அடிப்பக்கமும் பூச்சு இருக்கிறதா? தொட்டுப் பாருங்கள். பல வீடுகளில் இருக்காது. முன்னும் பின்னும் பளபளவென்று இருக்கும். ஆனால் ஈரம் வேகமாக ஏறுவதே, நெட்டுச் சட்டங்களின் வெட்டுமுனை தெரியும் அந்த இரண்டு ஓரங்களில்தான். கதவுக்கு ஆறு பக்கம். ஆறுக்கும் பூச்சு வேண்டும். பூட்டுக்காகக் குடைந்த இடத்தையும் விடாதீர்கள்.

உயிர் முக்கியம்

மரத்தூள் வெறும் தும்மல் சமாச்சாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. முகத்தில் துண்டு கட்டினால் போதாது, என்95 மாஸ்க் போடுங்கள். மின்ரம்பத்தின் மூடியைக் கழற்றிவிட்டு அறுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். வெளியே விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அனுமதி, கடன் உதவி

நம் பட்டா நிலத்து மரம்தானே என்று தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்றவற்றில் கை வைத்துவிடாதீர்கள். மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக 1968 முதலே தமிழ்நாட்டில் தனி விதிகள் உண்டு. வெட்டும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாவட்டத்தில் தருமபுரி, அரூர் என இரண்டு வனக்கோட்டங்கள் இருக்கின்றன.

இதையே தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட விதிப்படி 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியம். மர வேலையும் இதில் அடங்கும். இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்பவே கதவு இறுகியிருக்கு, என்ன பண்ணலாம்?

முதலில் கீலின் திருகாணிகளை முடுக்கிப் பாருங்கள். கதவு தொங்கியிருந்தால் அதிலேயே பாதி சரியாகிவிடும். அப்பவும் உரசினால், அந்த இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மழைக்காலத்தை ஓட்டுங்கள். இழைப்புளியை உடனே கையில் எடுக்க வேண்டாம். தை பிறந்து மரம் காய்ந்த பிறகும் உரசினால் மட்டும், கொஞ்சமாகச் சீவி, அன்றைக்கே அந்த ஓரத்துக்குப் பூச்சு கொடுத்துவிடுங்கள். அடுத்த ஐப்பசியில் தோளால் இடிக்கும் வேலை மிச்சம்.