திரையில் வரும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வோம்



சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் துவரம் பருப்பு 50 மூட்டைக்கு ஆர்டர் போட்டோம். பட்டனை அழுத்தியதும் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு 504 என்று ஓர் எண் வந்தது. ஆர்டர் போகவில்லை என்று எண்ணி மறுபடியும் அழுத்தினோம். மூன்றாம் நாள் லாரியில் 100 மூட்டை வந்து இறங்கியது. திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பணம் முடங்கியது ஒருபுறம், விலையும் இறங்கிவிட்டது. அந்த எண்ணின் பொருள் தெரிந்திருந்தால் இந்த நஷ்டம் வந்திராது.

சர்வர் என்றால் நமக்கு ஓட்டல் சர்வர்தான் நினைவுக்கு வருவார். இணையத்திலும் ஏறக்குறைய அதே வேலைதான். நாம் கேட்கிறோம், அது கொண்டுவந்து தருகிறது. ஒவ்வொரு பதிலோடும் மூன்று இலக்க எண் ஒன்றும் வரும். 1996-ல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 விதிமுறையிலேயே இவை உண்டு. முதல் இலக்கத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 2 என்றால் கேட்டது கிடைத்தது. 3 என்றால் வேறிடம் பார்க்க வேண்டும். 4 என்றால் நாம் கேட்டதில் ஏதோ கோளாறு. 5 என்றால் அவர்கள் பக்கம் கோளாறு.

404 வந்தால் பயப்பட வேண்டாம். சர்வர் நன்றாக இருக்கிறது, நாம் கேட்ட பக்கம்தான் அங்கு இல்லை. முகவரியில் ஓர் எழுத்து தவறியிருக்கலாம். 401 என்றால் லாகின் செய்து வரச் சொல்கிறது. 403 என்றால் கேட்டது புரிந்தது, ஆனால் தர மாட்டேன் என்கிறது. 301 என்றால் பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது. சொந்தமாக இணையதளம் வைத்திருப்போர் முகவரியை மாற்றும்போது, பழைய முகவரியில் இதைப் போட்டுத்தரச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் தானாகப் புது இடம் வந்து சேருவார்.

503 என்றால் கூட்டம் அதிகம் அல்லது பராமரிப்பு வேலை நடக்கிறது. கொஞ்சம் பொறுத்துப் போகலாம். 500 என்றால் உள்ளே ஏதோ பழுது.

நம்மைக் கவிழ்த்த 504-க்கு வருவோம். முன்னால் நிற்கும் சர்வர் நம் ஆர்டரைச் சமையற்கட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார், குறித்த நேரத்துக்குள் அங்கிருந்து பதில் வரவில்லை. கல்லில் தோசை ஊற்றியாயிற்றா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. அந்த நேரத்தில் மறுபடி கேட்டால் இரண்டு தோசை வந்தாலும் வரும். 500, 502 வந்தாலும் இதே சந்தேகம் உண்டு. விலைப்பட்டியலைப் பார்ப்பதென்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆர்டர், பணம் இரண்டிலும் அப்படிச் செய்யக் கூடாது. முதலில் ஆர்டர் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு போன் செய்து, எந்த எண் எத்தனை மணிக்கு வந்தது என்று சொன்னால் அவர்கள் பதிவேட்டில் தேட வசதியாயிருக்கும்.

எண்ணே வராமல் தொடர்பு கிடைக்கவில்லை என்று மட்டும் வந்தால், முதலில் நம் கடை இணைப்பைச் சோதிக்க வேண்டும்.

பணம் கட்டு என்பதற்கும் 402 என்று ஓர் எண் உண்டு. பிற்காலப் பயனுக்கென்று ஒதுக்கியது, 2022-ல் வந்த விதிமுறையிலும் அப்படியே ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். நம் கடன் நோட்டில் இருக்கும் சிலருக்குத்தான் அதை அனுப்ப வேண்டும்!