அன்றாட ஜூம் லென்ஸ்: பயணத்திற்கும் நிலக்காட்சிக்கும் தேர்ந்தெடுத்தல்

அன்றாட ஜூம் லென்ஸ் என்பது கேமராவில் பெரும்பாலான நேரம் பொருத்தியே வைத்திருக்கத்தக்க லென்ஸ் ஆகும். அகலக் கோணத்திலிருந்து மிதமான தொலைநோக்கு வரை இதன் குவியத் தொலைவை மாற்றிக்கொள்ளலாம். கடைகளில் இது ‘ஸ்டாண்டர்ட் ஜூம்’ எனப்படுகிறது. 24–70 மி.மீ, 24–105 மி.மீ, 18–55 மி.மீ ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை.

இத்தகைய லென்ஸை வாங்குவோர் பலர் முதலில் பார்ப்பது எஃப்/2.8 போன்ற துளை எண்ணையே. விலையை மிகுதியாக உயர்த்துவதும் அந்த எண்தான். ஆனால் பயணப் படங்களுக்கும் நிலக்காட்சிப் படங்களுக்கும் முதலில் பார்க்க வேண்டியது அகல முனை, அடுத்து தொலை முனை, அதற்கடுத்து எடை. துளையின் அளவு இவற்றுக்குப் பின்னரே வருகிறது. இந்த வரிசை மாறினால் பணம் கூடுதலாகச் செலவாவதோடு, பாரத்தின் காரணமாக லென்ஸ் வீட்டிலேயே தங்கிவிடவும் கூடும்.

பெயரில் உள்ள எண்கள்

லென்ஸின் பெயரில் இரண்டு வகை எண்கள் இருக்கும். ‘24–105 மி.மீ எஃப்/4’ என்பதில் முதல் பகுதி குவியத் தொலைவின் எல்லைகளைக் குறிக்கிறது. எண் சிறியதானால் காட்சி அகலமாகப் பதிவாகும். பெரியதானால் தொலைவில் உள்ள பொருள் பெரிதாகத் தெரியும். இரண்டாம் பகுதி, துளையை அதிகபட்சம் எவ்வளவு திறக்கலாம் என்பதைக் காட்டுகிறது. இந்த எண் சிறியதானால் துளை பெரியது. எஃப்/4 துளையைவிட எஃப்/2.8 துளை இரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது.

‘18–55 மி.மீ எஃப்/3.5–5.6’ என இரண்டு துளை எண்கள் இருந்தால், அகல முனையில் எஃப்/3.5 வரையும் தொலை முனையில் எஃப்/5.6 வரையும் மட்டுமே திறக்க முடியும் என்று பொருள். இது மாறும் துளை கொண்ட லென்ஸ். ஒரே எண் இருந்தால் அது மாறாத் துளை கொண்டது.

வரலாறு

35 மி.மீ நிழற்படக் கேமராக்களுக்கென விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ், 1959இல் வெளியான ஃபோய்க்ட்லேண்டர் சூமார் ஆகும். ஃபிராங்க் பேக் வடிவமைத்த இது 36–82 மி.மீ எல்லையும் எஃப்/2.8 துளையும் கொண்டது. 1963இல் நிக்கான் 43–86 மி.மீ லென்ஸை வெளியிட்டது. இந்த இரண்டு லென்ஸ்களிலும் 24 மி.மீ போன்ற அகலக் கோணம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. இன்று 24 மி.மீட்டரில் தொடங்கும் ஜூம் லென்ஸ்கள் எளிதாகக் கிடைக்கின்றன.

சென்சார் அளவு

ஒரே குவியத் தொலைவு எல்லாக் கேமராக்களிலும் ஒரே காட்சியைத் தருவதில்லை. சென்சார் சிறிதாக இருந்தால் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். எனவே 36 × 24 மி.மீ அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரை அடிப்படையாகக் கொண்டு ‘இணையான குவியத் தொலைவு’ கணக்கிடப்படுகிறது.

• நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் ஏபிஎஸ்-சி கேமராக்கள்: 1.5ஆல் பெருக்க வேண்டும். 18–55 மி.மீ லென்ஸ், ஏறத்தாழ 27–83 மி.மீட்டருக்கு இணை.
• கேனான் ஏபிஎஸ்-சி கேமராக்கள்: 1.6ஆல் பெருக்க வேண்டும். 18–55 மி.மீ லென்ஸ், ஏறத்தாழ 29–88 மி.மீட்டருக்கு இணை.
• மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்கள்: 2ஆல் பெருக்க வேண்டும். 12–40 மி.மீ லென்ஸ், 24–80 மி.மீட்டருக்கு இணை.

ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கான 24–70 மி.மீ லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் பொருத்தினால் அது 36–105 மி.மீ போலச் செயல்படும். அகலக் காட்சி போய்விடும். ‘பிற்காலத்தில் ஃபுல் ஃப்ரேம் வாங்குவேன்’ என்று எண்ணி இப்போதே அந்த லென்ஸை வாங்குவோர் இதனால்தான் ஏமாற்றமடைகின்றனர். கீழே குறிப்பிடப்படும் குவியத் தொலைவுகள், வேறுவிதமாகச் சொல்லப்படாத இடங்களில், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் அமைந்தவை.

அகல முனை: 24 மி.மீட்டரா, 28 மி.மீட்டரா?

எண்ணளவில் 4 மி.மீ சிறிய வேறுபாடாகத் தோன்றும். ஆனால் மூலைவிட்டப் பார்வைக் கோணம் 24 மி.மீட்டரில் 84 பாகை, 28 மி.மீட்டரில் 75 பாகை. தொலை முனையில் 4 மி.மீ கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அகல முனையில் அது படத்தையே மாற்றிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உயரத்தை ஏறத்தாழ 60 மீட்டர் எனக் கொண்டு, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, அண்ணாந்து சாய்க்காமல் நேராகப் பிடித்து முழு விமானத்தையும் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 24 மி.மீட்டரில் ஏறத்தாழ 80 மீட்டர் விலகி நிற்க வேண்டும். 28 மி.மீட்டரில் அது 93 மீட்டர், 35 மி.மீட்டரில் 117 மீட்டர். கோயில் வளாகத்தில் நினைத்த அளவு பின்னால் போக முடியாது. மண்டபமோ சுவரோ மரமோ குறுக்கே வந்துவிடும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் அருகிலிருந்தே எடுக்கலாம். ஆனால் கட்டடம் பின்னோக்கிச் சரிவதுபோல் தெரியும்.

குறுகிய தெரு, வீட்டின் உட்புறம், பள்ளத்தாக்கின் விளிம்பு ஆகிய இடங்களிலும் இதே நிலைதான். தொலை முனை போதாவிட்டால் எடுத்த படத்தைப் பின்னர் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அகல முனை போதாவிட்டால் விடுபட்ட பகுதியை மீட்க வழியில்லை. பல படங்களை எடுத்து ஒட்டும் பனோரமா முறை அசையாத காட்சிகளுக்கு மட்டுமே நன்கு பொருந்தும்.

ஏபிஎஸ்-சி கேமராவில் 24 மி.மீ காட்சியைப் பெற 15 அல்லது 16 மி.மீட்டரில் தொடங்கும் லென்ஸ் தேவை. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்எஃப் 16–80 மி.மீ எஃப்/4, கேனான் இஎஃப்-எஸ் 15–85 மி.மீ ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

தொலை முனை: மலை ஏன் சிறிதாகிறது?

நிலக்காட்சி என்றாலே அகலக் கோணம்தான் என்பது பரவலான கருத்து. மலையைப் படமெடுத்தவர்களுக்கு இதன் குறை தெரியும்: நேரில் கண்ணை நிறைத்த மலை, படத்தில் ஒரு மேடுபோல் கிடக்கும்.

மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளிக்கு மேல் நீலகிரி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. 15 கி.மீ தொலைவிலிருந்து 24 மி.மீட்டரில் எடுத்தால், சென்சாரில் மலையின் உயரம் 2.4 மி.மீ மட்டுமே. அதாவது படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. மீதி எல்லாம் வானமும் வயலுமாக இருக்கும். 70 மி.மீட்டரில் அது 7 மி.மீ ஆகும். 105 மி.மீட்டரில் 10.5 மி.மீ ஆகி, படத்தின் உயரத்தில் பாதியை நெருங்கும்.

மேகமும் பனியும் அடுக்கடுக்காக நிற்கும் மலைகள், தேயிலைத் தோட்டத்தின் வரிகள், பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் உள்ள அருவி ஆகியவற்றுக்கு 70 முதல் 120 மி.மீ வரையிலான பகுதியே ஏற்றது. எனவே ஒரே லென்ஸுடன் பயணம் செய்பவருக்கு 24–70 மி.மீட்டரைவிட 24–105 அல்லது 24–120 மி.மீ கூடுதலாகப் பயன்படும்.

28–200 மி.மீ போன்ற நீண்ட எல்லை கொண்ட லென்ஸ்களும் உண்டு. கடற்கரை மணலிலோ தூசியிலோ லென்ஸை மாற்ற வேண்டியதில்லை என்பது அவற்றின் பெரும் நன்மை. பொதுவாக, எல்லை நீளும்போது படத்தின் ஓரங்களில் தெளிவு குறைவது, நேர்கோடுகள் வளைவது போன்ற குறைகள் மிகுகின்றன.

எஃப்/2.8 எப்போது தேவை?

நிலக்காட்சியில் பெரும்பாலும் முன்னால் உள்ள பாறை முதல் தொலைவில் உள்ள மலை வரை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். அதற்குத் துளையைச் சுருக்க வேண்டும். 24 மி.மீட்டரில் எஃப்/11 வைத்து 1.8 மீட்டர் தொலைவில் குவியப்படுத்தினால், ஏறத்தாழ 0.9 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். அதே லென்ஸை எஃப்/2.8இல் வைத்தால், தொலைவில் உள்ள மலையும் தெளிவாக வேண்டுமெனில் ஏறத்தாழ 7 மீட்டரில் குவியப்படுத்த வேண்டும். அப்போது 3.4 மீட்டருக்கு உட்பட்டவை மங்கிவிடும்.

எஃப்/2.8 லென்ஸும் எஃப்/4 லென்ஸும் எஃப்/11க்குச் சுருக்கப்பட்ட பிறகு ஒரே அளவு ஒளியையும் ஒரே அளவு தெளிவு ஆழத்தையுமே தருகின்றன. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அகன்ற துளை அங்கே பயன்படுவதில்லை. மாறும் துளை கொண்ட விலை குறைந்த லென்ஸும் எஃப்/8இல் நல்ல படம் தரக்கூடும். எஃப்/22 வரை சுருக்குவதும் நல்லதல்ல. மிகச் சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைவதால் படம் முழுவதும் சற்று மங்கும்.

எஃப்/2.8 பயனற்றது என்பது இதன் பொருளன்று. தேர்த் திருவிழாவின் இரவு ஊர்வலம், மங்கிய மண்டபத்தில் நடக்கும் திருமணம், விண்மீன் நிறைந்த வானம் ஆகியவற்றில் இரண்டு மடங்கு ஒளி பெரும் வேறுபாட்டைத் தரும். பின்னணியை மங்கவைத்து ஒருவரின் முகத்தை எடுக்கவும் அது உதவும். இவைதான் ஒருவரின் முதன்மை வேலை என்றால் எஃப்/2.8க்குச் செலவிடுவது சரியே.

அதிர்வுத் தடுப்பும் முக்காலியும்

கையில் பிடித்து எடுக்கும்போது, ஷட்டர் நேரம் குவியத் தொலைவின் தலைகீழ் எண்ணைவிட நீளக் கூடாது என்பது பழைய விதி. 24 மி.மீட்டரில் 1/25 வினாடி, 105 மி.மீட்டரில் 1/100 வினாடி. கேமராவிலோ லென்ஸிலோ அதிர்வுத் தடுப்பு இருந்தால் இதைவிட நீண்ட நேரமும் கையில் பிடித்தே எடுக்க முடியும். மாலை வெளிச்சத்தில், எஃப்/4 லென்ஸின் ஒளிக்குறைவை அசையாத காட்சிகளில் இது ஈடுகட்டிவிடும். அலையும் இலையும் மனிதரும் அசைவதை மட்டும் இதனால் நிறுத்த முடியாது.

நீரோட்டத்தைப் பட்டுபோல் காட்டும் நீண்ட நேரப் படங்களுக்கு முக்காலி வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலிக்கு முன் அனுமதி தேவைப்படும் என்பதால், அத்தகைய இடங்களில் அதிர்வுத் தடுப்பே துணை.

எடை

ஒரே நிறுவனத்தின் மூன்று லென்ஸ்களை ஒப்பிட்டால் துளைக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

• நிக்கார் இசட் 24–70 மி.மீ எஃப்/4 எஸ்: 500 கிராம், 72 மி.மீ ஃபில்டர்
• நிக்கார் இசட் 24–120 மி.மீ எஃப்/4 எஸ்: 630 கிராம், 77 மி.மீ ஃபில்டர்
• நிக்கார் இசட் 24–70 மி.மீ எஃப்/2.8 எஸ்: 805 கிராம், 82 மி.மீ ஃபில்டர்

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் எல்லை ஒன்றே. எடை வேறுபாடு 305 கிராம். நாள் முழுவதும் கழுத்தில் தொங்கும்போது அந்த வேறுபாடு நன்றாகவே உணரப்படும். ஃபில்டரின் விட்டம் கூடக் கூட அதன் விலையும் உயர்கிறது.

மழை, ஈரப்பதம், பூஞ்சை

மலைப்பகுதியிலும் கடற்கரையிலும் எடுப்பவர்கள் தூசியும் தூறலும் உட்புகாத வகையில் அடைப்புகள் உள்ள லென்ஸைத் தேர்வது நல்லது. கேமராவிலும் அத்தகைய அடைப்புகள் இருந்தால்தான் பயன் முழுமையாகும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் லென்ஸின் உள்ளே பூஞ்சை படர்வது பெரிய சிக்கல். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன், 40–50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைப்பது பாதுகாப்பானது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் நீர் படியும். பையைத் திறக்காமல் சிறிது நேரம் வைத்திருந்து, வெளி வெப்பத்துக்கு வந்தபின் எடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

வாங்கும் முன்

புதிய லென்ஸ் தேவையா என்பதை, இருக்கும் லென்ஸைக் கொண்டே அறியலாம். ஒவ்வொரு படத்துடனும் அதன் குவியத் தொலைவும் துளை எண்ணும் எக்ஸிஃப் தகவலாகச் சேமிக்கப்படுகின்றன. கடந்த சில பயணங்களில் பிடித்த ஐம்பது படங்களை எடுத்து இந்த எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

• பெரும்பாலானவை 18 மி.மீ போன்ற தொடக்க எண்ணிலேயே முட்டி நின்றால், இன்னும் அகலமான லென்ஸ் தேவை.
• பல படங்கள் தொலை முனையில் எடுக்கப்பட்டு, பின்னர் வெட்டவும்பட்டிருந்தால், நீண்ட எல்லை தேவை.
• பெரும்பாலானவை எஃப்/8, எஃப்/11இல் இருந்தால், எஃப்/2.8க்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.
• துளையை முழுவதும் திறந்தும் ஐஎஸ்ஓவை மிக உயர்த்த வேண்டியிருந்தால், அகன்ற துளை உதவும்.
• எண்கள் எல்லைக்குள் பரவலாக இருந்து, படங்களும் மனநிறைவு தந்தால், கேமராவுடன் வந்த 18–55 மி.மீ லென்ஸே போதும். மிச்சமாகும் பணத்தை முக்காலிக்கோ அடுத்த பயணத்துக்கோ செலவிடலாம்.

இந்தச் சோதனைக்குப் பின்னும் புதிய லென்ஸ் தேவை என்று தெரிந்தால், ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பையில் சுமந்து நடந்து பார்த்த பின் வாங்குவது நல்லது.