முதலாந் தரப் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கை: பெற்றார் கேட்டறிய வேண்டியவை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தவணை முடிந்து பாடசாலை விடும் நாளில், கடல் கடந்து வாழும் மாமாவும் சித்தியும் தொலைபேசியில் முதலாவதாகக் கேட்பது, "வகுப்பிலே எத்தனையாம் பிள்ளை?" என்பதே. ஐந்து வயதைத் தாண்டி ஓராண்டேனும் நிறையாத குழந்தையைக் குறித்து இக்கேள்வி எழுவது நம்மிடையே சர்வ சாதாரணமாகிவிட்டது. அதனால், அக்குழந்தை பிறர் சொல்லும் கதையைக் கேட்டு விளங்கிக்கொள்கிறதா, கத்தரிக்கோலைப் பிடித்து நேராக வெட்டுகிறதா, விளையாட்டிலே தோற்றால் அழுகையை அடக்கி மறுபடி சேர்ந்துகொள்கிறதா என்பனவற்றை வகுப்பாசிரியரிடம் கேட்டறியும் உரிமை தமக்குண்டு என்பதையே பெற்றார் பலர் மறந்துவிட்டனர்.

நமது ஆரம்பக் கல்வி இத்தகைய தரவரிசைக்காக வகுக்கப்பட்டதன்று. 1997ஆம் ஆண்டின் பொதுக் கல்விச் சீர்திருத்தம், 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாக ஆரம்பமாகி மறு ஆண்டில் நாடெங்கும் பரவியபோது, முதல் ஐந்து தரங்களையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பகுத்தது. தரம் 1, 2 அடங்கிய முதல் நிலையில், எழுத்து வேலையைக் காட்டிலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் அது பிரதான ஸ்தானம் அளித்தது. பிள்ளை முதலாந் தரத்தில் காலடி வைத்தவுடனே பாடத்தைத் திணியாமல் அதன் சுபாவத்தையும் ஆற்றலையும் முதலில் இனங்காண வேண்டும் என்றும், அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை அது எவ்வளவு அடைந்திருக்கிறதென ஆசிரியர் தொடர்ந்து அவதானித்துக் குறித்துவர வேண்டும் என்றும் அச்சீர்திருத்தம் எதிர்பார்த்தது. பின்தங்கியவருக்கு உரிய வேளையில் கைகொடுப்பதே அக்குறிப்பின் பிரயோசனம். ஆனால், வறிய மாணவருக்கு வழிதிறக்க எழுந்த ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் இன்று கீழ் வகுப்புகள் வரை நீண்டு, ஆறு வயதுப் பிள்ளையையும் மாலை நேர ரியூசனுக்கு அனுப்பிவிடுகிறது. இதை நான் மிகுந்த மனவேதனையுடனேயே காண்கிறேன்.

புள்ளிகள் மட்டும் நிரம்பிய அறிக்கையினால் விளையும் ஆபத்துகளில் தலையாயது, உண்மையான குறை மறைந்துபோவதாகும். சொல்வதெழுதலில் பிழைவிடும் பிள்ளைக்குக் காது மந்தமாயிருக்கலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தயங்கும் பிள்ளைக்குப் பார்வை மங்கலாயிருக்கலாம். இரண்டும் "கவனம் போதாது" என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. மற்றது, நமது கொழும்புச் சூழலுக்கே விசேஷமானது. அப்பம்மாவுடன் தமிழும், முச்சக்கரவண்டிக்காரருடன் சிங்களமும், நர்சரியில் ஆங்கிலமும் கேட்டு வளரும் பிள்ளை, பாடசாலை மொழியில் சில காலம் மௌனமாயிருப்பது இயல்பு. அந்த மௌனத்தை மந்தபுத்தி என்று முடிவுகட்டுமுன், வீட்டுமொழியில் அது கதை சொல்லுகிறதா, எண்ணுகிறதா என்று ஒருவர் பேசிப் பார்த்தாரா எனப் பெற்றார் வினவ வேண்டும்.

ஆகவே, முதலாந் தரத்திலும் நான்காந் தரத்திலும் நடைபெறும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பிறந்தது முதல் பேணிவந்த பிள்ளைச் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டையும் கைவசம் வைத்திருங்கள். ஐயம் நீடித்தால் பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையை நாடலாம்.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 29ஆம் உறுப்புரை, பிள்ளையின் ஆளுமையும் திறமையும் உள, உடல் ஆற்றல்களும் முழுமையாக விருத்தியடைவதே கல்வியின் நோக்கமென்கிறது. 16ஆம் உறுப்புரை அதன் அந்தரங்கத்துக்கும் நன்மதிப்புக்கும் காப்பளிக்கிறது. பெற்றார் கூட்டத்தில் ஒரு குழந்தையின் குறைந்த புள்ளியை எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டுவது இவ்வுரிமைக்கு இசைவானதென்று எவ்வாறு கொள்வது?

பரிகாரம் தேடுவோர் முதலில் வகுப்பாசிரியரிடம் தனியே பேசுவதே நன்று. நாற்பது பிள்ளைகளை ஒருவராய்ச் சுமக்கும் அவரும் நம் அனுதாபத்துக்குரியவர். பயன் கிட்டாவிடின் அதிபருக்கும், பின்னர் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் எழுத்தில் முறையிட்டு, கடிதத்தின் பிரதியைத் திகதியுடன் பேண வேண்டும். அரசாங்கப் பாடசாலையாயின், தம் பிள்ளை பற்றிய மதிப்பீட்டுப் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கோரலாம். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். கம்பனியாகப் பதிவாகும் சர்வதேசப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் நேரடி மேற்பார்வைக்கு உட்படாதவையாகையால், மதிப்பீடு எவ்வாறு நடைபெறும், அறிக்கையில் எவை இடம்பெறும் என்பவற்றைச் சேர்க்கும் வேளையிலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

புள்ளி குறைந்ததற்காக அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே தடைசெய்கிறது. அவ்வாறு நேர்ந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே அறிவிக்கலாம். அரசாங்கப் பாடசாலையில் பாரபட்சமோ இழிவான நடத்தையோ நிகழ்ந்து, அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றத்தை நாடுவதாயின், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதமே. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுவோரும் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே முறையிட்டுவிடுவது உசிதம்.