பாதி நேரம் உன் மொழி, பாதி நேரம் என் மொழி

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் போற ஐடியா இருக்கா? "கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ்தான், ஜெர்மன் எதுக்கு?" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வகுப்புக்குள்ளே அது சரி. வெளியே வந்தால் வாடகை ஒப்பந்தம், பார்ட் டைம் வேலை, இன்டர்ன்ஷிப் என்று பல இடங்களில் ஜெர்மன் கேட்பார்கள். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் போனபோது என் கையில் ஏ2 சர்டிஃபிகேட் இருந்தது. ஆனா பேக்கரியில் ரொட்டி கேட்கவே வாய் வரல.

இதுக்கு அங்கே பல பல்கலைக்கழகங்களில் 'டேன்டம்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ரெண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயர் அது. ஒரு ஜெர்மன் மாணவர் உங்களுக்கு அவர் மொழியைச் சொல்லித் தருவார், நீங்க அவருக்கு உங்க மொழியைச் சொல்லித் தரணும். ஃபீஸ் கிடையாது. போரில் எதிரிகளாக இருந்த பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் எலிசே ஒப்பந்தம் போட்டு, அதே வருஷம் இளைஞர்களுக்காக ஒரு கூட்டு அமைப்பையும் தொடங்கின. இரு நாட்டு இளைஞர்கள் சந்தித்த அந்த மாதிரி முகாம்களில் வளர்ந்த முறைதான் இது. 1990களில் போகும் பல்கலைக்கழகம் இதை ஈமெயிலுக்கும் கொண்டுபோனது.

விதிகள் ரெண்டே ரெண்டு. நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்கணும். எதைக் கத்துக்கணும்னு அவரவர்தான் முடிவு பண்ணணும், ஏன்னா எதிரில் இருப்பவர் வாத்தியார் இல்லை.

முதல் விதியில்தான் நான் கோட்டை விட்டேன். படிவத்தில் 'நான் தரக்கூடிய மொழி' என்ற இடத்தில் இங்கிலீஷ் என்று எழுதினேன். வந்தவர் என்னைவிட நல்லா இங்கிலீஷ் பேசினார். என் ஜெர்மன் தடுமாறும்போதெல்லாம் ரெண்டு பேரும் இங்கிலீஷுக்குத் தாவினோம். மூணு வாரத்தில் அவர் வருவதை நிறுத்திட்டார். அவருக்கு என்னிடமிருந்து ஒண்ணும் கிடைக்கலையே, அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த தடவை தமிழ் என்று எழுதினேன். யார் வரப்போறாங்கன்னுதான் நினைச்சேன். ஒரு வகுப்புத் தோழன் வந்தான். அவனுடைய காதலியின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள். அவளோட அம்மாவிடம் நாலு வார்த்தை பேசணும், அதுதான் அவன் இலக்கு. 'கதைக்கிறது' அவனுக்குத் தெரியும், 'பேசுறது' தெரியாது. யாழ்ப்பாணத் தமிழை நானும் அவனோடு சேர்ந்துதான் கத்துக்கிட்டேன்.

ஒருநாள் கேட்டான்: "குளிருதுன்னு சொல்லும்போது ஏன் 'எனக்கு'? 'நான்' ஏன் வரல?" பதில் தெரியல. யோசிச்சா, ஜெர்மனிலும் அதே கதை. 'மீர் இஸ்ட் கால்ட்' என்றால் வார்த்தைக்கு வார்த்தை 'எனக்குக் குளிரா இருக்கு'. நான் அதுவரை இங்கிலீஷ் வழியாப் போய் 'இஹ் பின் கால்ட்' என்று சொல்லிட்டிருந்தேன். அதைக் கேட்டால் 'நான் ஈரமில்லாத ஆளு' என்பது போலத் தோணுமாம்! 'வைல்' என்று தொடங்கும் காரண வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவதும் நமக்குப் பழக்கமானதுதான். 'டூ', 'ஸீ' ரெண்டும் கிட்டத்தட்ட நம்ம 'நீ', 'நீங்க'. கிளாஸில் இங்கிலீஷை நடுவில் வைத்துப் படித்ததால் இதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

நீங்க சேர்ந்தால், மொபைலில் முப்பது நிமிஷத்துக்கு டைமர் வையுங்க. அது அடிச்சதும் மொழியை மாத்திடணும், கதை பாதியில் நின்னாலும் சரி. பேசும்போதே ஒவ்வொரு தப்பையும் திருத்த வேண்டாம், வாய் அடைச்சுப் போயிடும். மூணு தப்பை மட்டும் குறிச்சு வைத்துக் கடைசியில் சொல்லலாம். 'சும்மா பேசுவோம்' என்று உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துடும். அதனால் ஏதாவது வேலையோடு போங்க. நான் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுபோனேன். அவன் அந்த அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கொண்டுவந்தான். அதை நாலு தடவை கேட்டோம். 'எப்ப சாப்பிட வாறீங்கள்?' என்றுதான் கேட்டிருந்தார்.